கார் ஆம்ப்ளிஃபயர் பழுதானால் ஸ்டீரியோவை நேராக ஸ்பீக்கருடன் இணைக்கலாமா?

பழைய கார் ஒன்றை வாங்கிய வாசகர் கேட்டிருக்கிறார்: ஸ்டீரியோவின் திரை ஒளிர்கிறது, பாட்டின் பெயர்கூட ஓடுகிறது, ஆனால் எந்தக் கதவிலிருந்தும் சத்தம் வரவில்லை, டிக்கியில் உள்ள கம்பெனி ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக், அதே பெட்டியைப் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது, அதைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் சாதாரண ஸ்டீரியோ ஒன்றை நேராக ஸ்பீக்கர்களுடன் இணைத்துவிடலாமா? பெரும்பாலான கார்களில் இணைக்கலாம். சிலவற்றில் அப்படி இணைத்தால் புதிய ஸ்டீரியோவும் சூடேறித் தன்னை நிறுத்திக்கொள்ளும், அல்லது எரிந்தே போகும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: காரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி.

முதலில் ஆம்ப்ளிஃபயர் உண்மையாகவே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வரும் தடித்த மின்கம்பியில் 12 வோல்ட் இருக்கிறதா, ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா, எர்த் கம்பியின் முனை துருப்பிடித்திருக்கிறதா, ஸ்டீரியோவை இயக்கியதும் ‘விழித்துக்கொள்’ என்று ஆணையிடும் மெல்லிய ரிமோட் கம்பியில் மின்னழுத்தம் வருகிறதா என்பவற்றை மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம். இவையெல்லாம் சரியாக இருந்து, ஸ்டீரியோவிலிருந்து பாட்டின் சமிக்ஞையும் வந்து, வெளியே ஒன்றும் வரவில்லை என்றால் மெக்கானிக் சொன்னது உண்மை. டிக்கியிலும் இருக்கைக்கு அடியிலும் வைக்கப்படும் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் எமன் தண்ணீர்தான்.

இனி அந்த 12 வோல்ட்டுக்கு வருவோம். எஞ்சின் ஓடும்போது அது ஏறத்தாழ 14.4 வோல்ட்டாக இருக்கும். ஸ்பீக்கரின் ஒரு முனையை எர்த்தில் கட்டி, மறு முனையை மட்டும் ஆம்ப்ளிஃபயர் ஆட்டுவதாகக் கொள்வோம். அந்த முனை சுழியத்துக்கும் 14.4 வோல்ட்டுக்கும் இடையில்தான் ஆட முடியும். அதாவது நடுப்புள்ளியிலிருந்து மேலே 7.2, கீழே 7.2. சைன் அலைக்கு இதன் ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது திறனைக் கணக்கிட உதவும் பயனுறு மதிப்பு, 5.1 வோல்ட். வோல்ட்டின் வர்க்கத்தை 4 ஓம் ஸ்பீக்கரின் தடையால் வகுத்தால் கிடைப்பது வெறும் ஆறரை வாட். போதாக்குறைக்கு, நடுப்புள்ளியில் நிற்கும் 7.2 வோல்ட் நேர்மின்சாரம் ஸ்பீக்கருக்குள் பாயாமல் தடுக்கப் பெரிய மின்தேக்கி ஒன்றும் தொடரில் வேண்டும்.

இதிலிருந்து பொறியாளர்கள் தப்பித்த விதம், மின்னணுவியலில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரங்களுள் ஒன்று. அவர்கள் ஸ்பீக்கரின் எந்த முனையையும் எர்த்தில் கட்டவில்லை. இரு முனைகளுக்கும் தனித்தனியே ஓர் ஆம்ப்ளிஃபயரை வைத்து, ஒன்றுக்குப் பாட்டை அப்படியேயும் மற்றதற்குத் தலைகீழாகவும் கொடுத்தார்கள். மத்தில் சுற்றிய கயிற்றின் ஒரு முனையை ஒரு கை இழுக்கும்போது மறு கை விட்டுக்கொடுப்பதைப் போல, ஒரு முனை 14.4 வோல்ட்டுக்கு ஏறும் கணத்தில் மறு முனை சுழியத்துக்கு இறங்குகிறது. அடுத்த அரைச் சுற்றில் இது மாறிவிடுகிறது. இப்போது ஸ்பீக்கர் உணரும் ஆட்டம் மேலே 14.4, கீழே 14.4. மின்னழுத்தம் இரட்டித்ததால் திறன் நான்கு மடங்காகி, கணக்குப்படி 26 வாட் ஆகிறது. டிரான்சிஸ்டர்களில் இழப்பது போக, தெளிவான ஒலியாக 20 வாட்டை ஒட்டிக் கிடைக்கும். அமைதியாக இருக்கும்போது இரு முனைகளும் ஒரே 7.2 வோல்ட்டில் நிற்பதால் அவற்றிடையே வேறுபாடே இல்லை. ஆகவே அந்தப் பெரிய மின்தேக்கியும் தேவையற்றுப் போகிறது. இந்த இரட்டை ஆம்ப்ளிஃபயர் அமைப்பின் பெயர் பிரிட்ஜ். இத்தகைய நான்கு பிரிட்ஜ்கள் விரல் நீள ஐசி (சில்லு) ஒன்றுக்குள் அடங்கி, கடையில் விற்கும் ஏறத்தாழ எல்லா ஸ்டீரியோக்களிலும் இருக்கின்றன.

அட்டைப்பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று அச்சிடுவது இதே ஐசியைத்தான். 14.4-இன் வர்க்கத்தை 4 ஆல் வகுத்தால் 51.8 வருகிறது, அதாவது ஒலியைச் சதுர அலையாக நொறுக்கித் தள்ளினால் கிடைக்கும் திறன் அது. அந்த நிலையில் பாட்டுக் கேட்பதைவிடத் தகரத்தைத் தட்டலாம் என்பது என் கருத்து.

பிரிட்ஜின் விளைவு ஒன்றை மறக்கக் கூடாது: ஸ்பீக்கரின் மைனஸ் கம்பி எர்த் அன்று. அதைக் காரின் உடலோடு இணைப்பது ஓர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டை ஷார்ட் செய்வதாகும்.

இதற்கும் மேல் திறன் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 12 வோல்ட்டை வேகமாகத் துண்டித்துத் துண்டித்து டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயர்த்துவது. தனியாக வாங்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் செய்வது இதைத்தான். மற்றது, வோல்ட்டைத் தொடாமல் ஸ்பீக்கரின் ஓமைக் குறைப்பது. 1 ஓம் ஸ்பீக்கரில் அதே பிரிட்ஜ் கணக்குப்படி 104 வாட் தரும். 1983 மாடல் கடிலாக் செவில் உள்ளிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் தொடங்கிய போஸ் நிறுவனத்தின் ஒலி அமைப்புகளின் குடும்பத்தில் இத்தகைய குறைந்த ஓம் ஸ்பீக்கர்கள் சாதாரணம். ஓம் குறைந்தால் மின்னோட்டம் கூடும். 4 ஓமுக்கென்று செய்த ஐசி அதைத் தாங்காது. வாசகரின் கேள்விக்கு ‘கூடாது’ என்று விடை வருவது இங்கேதான்.

எனவே ஆம்ப்ளிஃபயரின் இணைப்பியைக் கழற்றி, ஸ்பீக்கருக்குச் செல்லும் இரு கம்பிகளுக்கு இடையே தடையை அளக்க வேண்டும். 3 முதல் 4 ஓம் வரை காட்டினால் அது சாதாரண 4 ஓம் ஸ்பீக்கர். ஸ்டீரியோவின் வெளியீட்டுக் கம்பிகளை அந்த இடத்துக்கு இழுத்து இணைக்கலாம். 1 ஓமை ஒட்டிக் காட்டினால் ஸ்பீக்கர்களையும் மாற்ற வேண்டும், அல்லது அந்த ஓமுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும். உயர்ந்த சுரங்களை மட்டும் ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்குத் தனிக் கம்பி சென்றால் ஓம் காட்டாமலும் போகலாம். பெரும்பாலும் அதனுள் மின்தேக்கி இருக்கிறது என்று பொருள். ஓம் காட்டினால், தாழ்ந்த சுரங்களை இதுவரை கம்பெனிப் பெட்டியே வடிகட்டி வந்திருக்கிறது. நேரடி இணைப்பில் அவை ட்வீட்டரைக் கொன்றுவிடும். 4 ஓம் ட்வீட்டரின் தொடரில் 10 மைக்ரோஃபாரட் முனைவற்ற மின்தேக்கி வைத்தால் ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை மெலிந்துவிடும். தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த கேபிள் வேண்டுமா என்றும் கேட்பார்கள். 4 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் போக்குவரத்துத் தடை 0.1 ஓம்கூட இல்லை. மற்றதெல்லாம் ராசிக்கல் வியாபாரம்.

2000-க்குப் பின் வந்த பல ஜெர்மானியக் கார்களில் பாட்டு பிளாஸ்டிக் ஒளியிழை வளையத்தில் சிவப்பு ஒளியாகப் பயணிக்கிறது. ‘மோஸ்ட்’ என்னும் அவ்வளையத்தில் ஆம்ப்ளிஃபயரும் ஒரு கண்ணி. அதைக் கழற்றினால் வளையம் அறுந்து, ஒலி அமைப்பு முழுவதும் ஊமையாகிவிடும். வளையத்தை மூடுவதற்கென்றே குட்டி ஒளியிழைக் கொக்கிகள் விற்கிறார்கள். ஆனால் அதை மாட்டினால் மற்ற கருவிகள் பிழைக்குமே தவிர, பாட்டு வராது. இத்தகைய அமைப்பின் சுற்றுப்படத்தை நிறுவனங்கள் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2022 டிசம்பரில் இந்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனங்களும் இடம்பெற்றுள்ளன. அதில் சுற்றுப்படங்களும் கட்டாயமாக வர வேண்டும் என்பேன்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். இருக்கைக்கு அடியில் தென்படும் மஞ்சள் நிற இணைப்பிகள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. சில கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கை மணியும் இண்டிகேட்டரின் ‘டிக் டிக்’ ஓசையும் இதே ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வருகின்றன. பழைய ஸ்டீரியோவைக் கழற்றினால் அவையும் நின்றுவிடும். அவ்வகைக் கார்களுக்கு அந்த மணியைத் தனியாக ஒலிக்கச் செய்யும் இணைப்புப் பெட்டியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.