ரேம் வாங்குவதற்கு முன் ஒரு வரியைப் பாருங்கள்

போன மாதம் ஒரு டிடிபி கடைக்காரர் போன் செய்தார். "சார், லினக்ஸ் போட்டதிலிருந்து விண்டோவை இழுத்தா வால் மாதிரி பின்னாலேயே வருது. ரேம் மாத்திடலாமா?"

நேரில் போனேன். உபுண்டு, இன்டெல் கிராபிக்ஸ், நான்கு கோர் சிபியு. எந்த நிரல் எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டும் 'டாப்' கட்டளையைத் திறந்துவைத்துவிட்டு, இன்னொரு விண்டோவைப் பிடித்து வட்டமாக ஆட்டினேன். திரையில் விண்டோக்களைக் காட்டும் க்னோம் ஷெல் 300 சதவீதத்தைத் தொட்டது (ஒரு கோருக்கு 100), ஃபேன் கத்த ஆரம்பித்தது. நான்கு கோரில் மூன்று, வெறும் விண்டோ நகர்த்துவதற்கே போய்க்கொண்டிருந்தது.

செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தைத் திறந்தால் 'கிராபிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று ஏதாவது பெயர் வர வேண்டும். இவர் மெஷினில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. அது கார்டின் பெயரே இல்லை. கார்டு கைக்குக் கிடைக்காதபோது, மெசா என்ற கிராபிக்ஸ் நூலகம் சிபியுவை வைத்தே படம் வரையும் மாற்று வழி. 1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை என்றால் 12 கோடிக்கு மேல். சிபியு பாவம், என்ன செய்யும்?

காரணம் 'நோமோட்செட்'. இன்ஸ்டால் செய்தபோது திரை கறுப்பாகிவிட்டதாம், யாரோ அந்தச் சொல்லைப் பூட் வரியில், அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போது லினக்ஸுக்குப் போகும் கட்டளை வரியில், சேர்த்திருக்கிறார்கள். அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் கிராபிக்ஸ் டிரைவரையே ஓரங்கட்டிவிடும். இன்ஸ்டால் முடிந்ததும் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை.

எடுத்த எடுப்பில் ஃபைலில் கைவைக்காதீர்கள். லினக்ஸைக் கிளப்பிவிடும் கிரப் நிரலின் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, அந்தச் சொல்லை ஒரு தடவைக்கு மட்டும் அழித்துப் பூட் செய்யுங்கள். திரை கறுத்தாலும் மறு பூட்டில் பழையபடி வந்துவிடும். சரியாக வந்தால் கிரப் அமைப்பு ஃபைலிலும் நீக்கிவிட்டு 'அப்டேட்-கிரப்' கொடுங்கள்.

என்விடியா என்றால் கதை வேறு. கையெழுத்திடாத நிரல்களைப் பூட்டில் தடுக்கும் 'செக்யூர் பூட்' இருக்கும்போது டிரைவர் போட்டால், அடுத்த பூட்டில் நீலத் திரை ஒன்று சாவியைப் பதியச் சொல்லிக் கேட்கும். பயந்துபோய் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

அப்புறம், கிராபிக்ஸைச் சோதிக்கப் பலர் ஓட்டும், கியர் சுற்றும் 'ஜிஎல்எக்ஸ்கியர்ஸ்' என்ற சின்ன நிரலில் நொடிக்கு 60 படம் என்று வந்தால் கார்டைத் திட்டாதீர்கள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் (60 ஹெர்ட்ஸ்) திரையின் வேகத்தோடு கட்டிப்போட்டால் அவ்வளவுதான் காட்டும்.

கடைக்காரரிடம் ரேம் வேண்டாம் என்றேன். அந்தக் காசுக்கு யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொன்னேன், நான் இருந்தபோதே இரண்டு தடவை படுத்துவிட்டது.