புள்ளி போனதும் மருந்தை நிறுத்தாதீர்கள்

மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் தொடங்கினால் போதும், வெள்ளைப் புள்ளி விழுந்த மீன்களின் படங்கள் என் போனில் வந்து குவியும். சென்னையிலேயே ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்குகிறது. ஹீட்டர் இல்லாத தொட்டித் தண்ணீரும் கூடவே இறங்கும். வருடா வருடம் நடப்பதுதான். எரிச்சல் வருவது அதற்கில்லை. "மருந்து ஊற்றினேன் சார், மூணே நாளில் புள்ளியெல்லாம் போயிடுச்சு, நிறுத்திட்டேன். அடுத்த வாரம் மறுபடி வந்து மொத்த மீனும் போச்சு. மருந்து டூப்ளிகேட்டா சார்?" என்று கேட்கிறார்களே, அதற்குத்தான்.

மருந்து நல்ல மருந்துதான். பாதியில் நிறுத்தியது நீங்கள்.

அந்தப் புள்ளி இக்தியோஃப்தீரியஸ் என்கிற ஒற்றைச் செல் உயிர். பார்க்க மேலே தூவிய ரவை மாதிரி இருந்தாலும், இருப்பது மீனின் மேல்தோலுக்கு அடியில். அங்கே இருக்கும்வரை நீங்கள் ஊற்றும் மருந்து அதை எட்டாது. தின்று பெருத்ததும் தானாகவே உதிரும். கவனியுங்கள், மருந்தே போடாவிட்டாலும் உதிரும். உதிர்ந்தது கூழாங்கல்லிலோ செடியிலோ ஒட்டி, மேலே ஓர் உறை கட்டிக்கொண்டு, உள்ளே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகும். உறைக்குள்ளும் மருந்து போகாது. உறை திறந்து குஞ்சுகள் மீனைத் தேடி நீந்துகிற ஒன்றிரண்டு நாளில்தான் மருந்திடம் சிக்கும். 24–26 டிகிரியில் இந்தச் சுற்று முழுக்க மூன்றிலிருந்து ஆறு நாள். தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். அதாவது, மீன் பளிச்சென்று ஆகிவிட்டது என்று நீங்கள் மகிழ்ந்து மருந்து பாட்டிலை மூடி வைக்கும் அன்றுதான் தொட்டியின் அடியில் கிருமி நிறைந்து கிடக்கிறது.

புள்ளி உள்ள மீனை மட்டும் வாளியில் பிடித்துப் போட்டு மருந்து கொடுத்து, தேறியதும் அதே தொட்டியில் விடுகிறவர்களுக்கும் இதுதான் பதில். மருந்து தொட்டிக்குப் போக வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் இன்னொரு வாரம் போக வேண்டும்.

அளவு? லேபிளைப் படியுங்கள். "நாலு சொட்டு விட்டேன்" என்பது அளவில்லை. நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். வழக்கமான இரண்டடித் தொட்டியில் கல் போக 45 லிட்டர் நின்றால் அதிகம். ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், ஊற்றிய மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும். லோச், கெளுத்தி வகைகளுக்கு முழு அளவு தாங்காது, பாதியில் தொடங்குங்கள். மெத்திலீன் ப்ளூ என்கிற நீல மருந்தை மெயின் தொட்டியில் ஊற்றினால், மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவும் சாகும். அப்புறம் அம்மோனியா ஏறி மீன் செத்தால் அதையும் புள்ளி நோயின் கணக்கில் எழுதுவீர்கள். கல் உப்பு வேலை செய்யும்தான், லிட்டருக்கு 2–3 கிராம், கரைத்து, ஒரே நாளில் கொட்டாமல். செடித் தொட்டியில் வேண்டாம்.

கோல்டுஃபிஷ்ஷில் நூல் மாதிரி தொங்குமே, நங்கூரப் புழு, அதிலும் இதே அவசரம். ட்வீசரால் பிடுங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது முட்டையிடும் பெண் புழு மட்டும். அதன் பிள்ளைகள் செவுளில் இருக்கின்றன. பேனை எடுத்து ஈரை விட்ட கதைதான். டைஃப்ளுபென்சுரான் என்கிற மருந்து அவை தோலுரிக்கும்போது கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. அதனால் இடைவெளி விட்டுத் திரும்பப் போட வேண்டும். தொட்டியில் இறால் இருந்தால் அந்த மருந்தைத் தொடவே தொடாதீர்கள். இன்னொன்று, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினை யாரோ சொன்னார்கள் என்று தண்ணீரில் கலக்காதீர்கள். ஃபார்மலினையும் பெர்மாங்கனேட்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

புது மீனைச் சென்னைக் கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் வாங்கினாலும் எங்கே வாங்கினாலும் மூன்று வாரம் தனி டப்பில் வையுங்கள். அந்த டப்புக்குத் தனி வலை. கடைப் பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

புள்ளியே இல்லாமல் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் காத்திருக்காதீர்கள், புள்ளி நோய்க் கிருமி செவுளுக்குள் மட்டும் இருக்கலாம். சளியைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், லாட வடிவ உட்கருவோடு உருண்டுகொண்டிருப்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு உயிருள்ள மீன் வேண்டும். ஐஸ் பெட்டியில் செத்த மீனைக் கொண்டுவந்து நீட்டுகிறீர்கள், ஒட்டுண்ணிகள் பல அதற்குள் உடலை விட்டுப் போயிருக்கும். நோயுற்ற மீனை அதே தொட்டித் தண்ணீரில் பரிசோதனைக்குக் கொண்டு வாருங்கள். இன்னொரு பாட்டிலில் தண்ணீர் மட்டும் தனியாக எடுத்து வாருங்கள், அம்மோனியா பார்க்க.