தண்ணீர் போகவில்லை, அம்மா

இந்தப் பள்ளி விடுமுறையில் மட்டும் இது ஐந்தாவது காது. லங்காவிக்குத் தெற்கே உள்ள பாயார் தீவுக் கடற்பூங்காவில் முக்குளித்துத் திரும்புகிறவர்களைப் பினாங்கிலுள்ள என் காது, மூக்கு, தொண்டை சிகிச்சை அறையில் சந்திப்பது வழக்கமாகிவிட்டது. ஐந்தாமவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர். உடன் வந்த தாயார், "கடல் தண்ணி உள்ள போயிருச்சு டாக்டர், பூண்டு காய்ச்சின நல்லெண்ணெய மூணு நாளா விட்டும் வலி நிக்கல" என்றார். உள்ளே பார்த்தால், இரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பான செவிப்பறை, அதன் கீழ்ப்பகுதியில் கடுகளவு ஓட்டை, ஓட்டையின் விளிம்பில் எண்ணெய் மினுமினுப்பு.

தண்ணீர் போகவில்லை, அம்மா. காதுத்துளை என்பது ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, முடிவில் செவிப்பறையால் அடைக்கப்பட்ட குழாய். கடல்நீர் அதுவரை வரும். செவிப்பறை கிழிந்தால் ஒழிய அதைத் தாண்டாது. கிழிப்பது அழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிறது; செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கிறது; மூக்கின் பின்புறத்தையும் காதையும் இணைக்கும் சிறு குழாய் வழியே காற்று வந்து ஈடு செய்யாவிட்டால் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டுக் கிழிகிறது. காதில் அடைப்பான் செருகிக்கொண்டு இறங்குகிறவர், சிக்கிக்கொள்ளும் காற்றுக்கு இன்னோர் அறையைத் தாமே கட்டுகிறார். இந்த மாற்றம் மிகக் கடுமையாக இருப்பதே முதல் 10 மீட்டரில்தான் என்பதால், "ஆழமா போகல டாக்டர்" என்பதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.

அந்த இளைஞருக்குப் புறப்படும்போதே சளி. முக்குளிக்குமுன் நிரப்பும் உடல்நலப் படிவத்தில் சைனஸ், காது பற்றிய கேள்விகளுக்கெல்லாம் வரிசையாக 'இல்லை' என்று குறித்திருக்கிறார். கட்டிய பணம் வீணாகுமே என்ற கவலை. (என் கட்டணத்தைக் கேட்டபின் அந்தக் கணக்கு அவருக்கே மாறியிருக்கும்.) மூக்கடைப்பு மாத்திரை போட்டிருந்தாராம். அதன் வீரியம் கடலடியில் தீர்ந்துபோனால், மேலேறும்போது விரிகிற காற்றுக்கு வெளியேற வழியிருக்காது.

சளி இருந்தால் இறங்காதீர்கள். பாயாரில் கருமுனைச் சுறாக்குட்டிகள் கரையோர ஆழமற்ற நீருக்கே வந்து போகின்றன. மூக்கடைப்போடு போனவர் அங்கே நின்றே பார்க்கலாம். சளி இல்லாத நாளிலும், வலிக்கட்டும் என்று காத்திராமல், தலை நீருக்குள் போனதிலிருந்தே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறந்துகொண்டே இறங்குங்கள். திறக்கவில்லை என்று ஓங்கி ஊதினால் உட்காதும் பழுதாகும். சற்று மேலேறி மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால், உள்ளங்கையைக் கிடையாக ஆட்டிக் காதைச் சுட்டிக்காட்டிப் பயிற்றுநருக்குத் தெரிவித்துவிட்டு மேலே வந்துவிடுங்கள். தலைசுற்றலோ காதிரைச்சலோ காது கேட்பதில் குறைவோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது.

தாய்மார்களே, தயவுசெய்து, முக்குளித்து வலிக்கிற காதில் எதையும் விடாதீர்கள். சிறிய ஓட்டைகளில் பெரும்பாலானவை, ஈரம் படாமல் விட்டுவைத்தால், சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்ளும். அந்த இளைஞரின் காதிலிருந்து நான் உறிஞ்சி எடுத்ததில் பூண்டுத் துணுக்கு ஒன்றும் இருந்தது.