மரத்தடியில் தடுமாறும் ஜிபிஎஸ்: புதிய கருவியில் எதைப் பார்த்து வாங்குவது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜியோகேச்சிங் போக, 2000-களின் தொடக்கத்தில் வந்த மஞ்சள் நிற கார்மின் ஈட்ரெக்ஸ் ஜிபிஎஸ் கருவி வைத்திருக்கிறேன். வெட்டவெளியில் ஒழுங்காகக் காட்டுகிறது. மரங்களுக்குள் போனால் 20, 30 மீட்டர் தள்ளிக் காட்டுகிறது. சில நேரம் சிக்னலே கிடைப்பதில்லை. தேதியும் தப்பு. புதிது வாங்கினால் சரியாகுமா?”

பெரும்பாலும் சரியாகும். ஆனால் வண்ணத்திரையையும் வரைபடத்தையும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்கு: ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வெளியிடுவார். மற்றவர்கள் தேடிப் பிடித்து உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதுவார்கள். இது பிறந்ததே ஓரிகனில்தான். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. இடம் 100 மீட்டர் வரைகூடத் தவறும். 2000 மே 2-ம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் பீவர்கிரீக் பக்கத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்துவிட்டார்.

தேதிக் கோளாறை முதலில் முடித்துவிடலாம். ஜிபிஎஸ் வாரங்களை எண்ணுவதற்கு 10 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். 1024 வாரம் ஆனதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். கடைசியாக 2019 ஏப்ரலில் அது நடந்தது. அதற்குத் தயாராகாத பழைய கருவிகள் பல, தேதியை ஏறக்குறைய 19 ஆண்டு 7 மாதம் பின்னால் காட்டும். அதனால் மட்டும் இடம் தவறாகிவிடாது.

மரத்தடிக்கு வருவோம். செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் சிக்னல் நம் கையை அடையும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுதான் மிஞ்சும். கருவியின் சொந்த மின் இரைச்சலே அதைவிட அதிகம். அப்படியானால் எப்படித்தான் கேட்கிறது?

இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் +1, −1 என்ற எண்கள் கலைந்து கிடக்கும் ஒரு வரிசையை அனுப்புகிறது. நீளம் 1023, ஒரு மில்லி விநாடியில் முடிந்து திரும்பத் தொடங்கும். பார்த்தால் இரைச்சல் மாதிரியே இருக்கும், ஆனால் அந்த வரிசை கருவிக்கு முன்பே தெரியும். அடுத்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் காற்றோடு வரும் பாட்டு நமக்கு மனப்பாடம் என்றால், பாதி கேட்காவிட்டாலும் இப்போது எந்த வரி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறோம், இல்லையா? கருவி செய்வதும் அதுதான். தன்னிடமுள்ள வரிசையை வந்த சிக்னலோடு எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டுகிறது. சரியாகப் பொருந்தினால், எல்லாப் பெருக்கலும் +1 ஆகி, கூட்டுத்தொகை 1023. ஒரே ஓர் எண் தள்ளிப் போனாலும் 63, −1, −65 ஆகிய மூன்றில் ஒன்றாக விழுந்துவிடும். இரைச்சலில் கூட்டலும் கழித்தலும் கலந்து வருவதால் பெருமளவு அடிபட்டுப் போகும். கூட்டுத்தொகையின் அந்த உச்சி எங்கே வருகிறது என்பதிலிருந்து சிக்னல் புறப்பட்ட நேரம், அதிலிருந்து தூரம். நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும்.

இந்தப் பொருத்திப் பார்க்கும் வேலையைப் பழைய சில்லு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய முடியும். ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சி இன்னும் மெலிதாக்கினால் கைவிட்டுவிடும். பிறகு வந்த சர்ஃப்ஸ்டார் 3 போன்ற சில்லுகள் லட்சக்கணக்கான பொருத்தங்களை ஒரே நேரத்தில் பார்த்தன. காட்டுக்குள்ளும் சிக்னல் பிடித்தது. ஆனால் 20 மீட்டர் தள்ளிப் போவதற்கு அது முழு மருந்தல்ல.

ஏனென்றால், அந்தக் குறும்பிழைக்குக் காரணம் எதிரொலி. டக்ளஸ் ஃபிர் மரத்திலும் பாறையிலும் மோதிச் சுற்றி வரும் சிக்னலும் அதே வரிசைதான். பழைய எல்1 சிக்னலில் ஓர் எண் கடக்கும் தூரம் 293 மீட்டர். அவ்வளவு அகலமான உச்சிக்குள் எதிரொலியும் நுழைந்து, உச்சியை ஒரு பக்கம் இழுத்துவிடும். 2010 முதல் ஏவப்பட்ட ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் வரும் எல்5 சிக்னல் எண்களைப் பத்து மடங்கு வேகமாக அனுப்பும். ஓர் எண் 29 மீட்டர்தான். உச்சி ஊசி மாதிரி. 50 மீட்டர் சுற்றி வந்த எதிரொலி தனியாக விழுந்துவிடும், நேர் சிக்னலைத் தொடாது. ஐரோப்பாவின் கலிலியோவும் நமது நாவிக்கும் இதே அதிர்வெண்ணில் அனுப்புகின்றன. ஆகவே கருவியில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எல்5 உண்டா? 2018-ல் வந்த ஷாவ்மி மி 8 தொடங்கிச் சில கைப்பேசிகளிலேயே இருக்கிறது. புதிது வாங்கும்முன் உங்கள் கைப்பேசியைச் சோதித்துப் பாருங்கள்.

எல்1, எல்5 என இரண்டு அதிர்வெண் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கான அயனிமண்டலம் இரண்டையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்தும். வித்தியாசத்தைப் பார்த்துப் பிழையைக் கழித்துவிடலாம். ஒற்றை அதிர்வெண் கருவி, ஜிபிஎஸ் அனுப்பும் எட்டு எண்களை வைத்து உத்தேசமாகப் பாதியைத்தான் திருத்தும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் தென்முனையில் அயனிமண்டலத்தின் ஆட்டம் இன்னும் அதிகம். தும்பாவில் ராக்கெட் தளம் வந்ததும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். வருடக்கணக்காக உட்கார்ந்து அளந்துகொண்டிருக்கும் இத்தகைய வேலைக்குப் பணம் ஒதுக்குவதை வீண் செலவு என்பவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. நாளைய ஜிபிஎஸ் திருத்தம் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் வரும்.

அப்புறம், ஓரிகன் நண்பருக்கு ஒரு விஷயம். டப்பாவை வைத்தவர் 2003-ல் உங்களுடையதைப் போன்ற கருவியால் அளந்திருந்தால், அவருடைய 10 மீட்டர் பிழை அந்த எண்ணிலேயே உறைந்து கிடக்கும். உங்கள் புதுக் கருவி அந்தத் தவறான புள்ளிக்குத்தான் துல்லியமாகக் கூட்டிப் போகும். பழைய டப்பா என்றால், அம்புக்குறி காட்டும் இடத்தைச் சுற்றி 15 மீட்டர் தேடுங்கள். நீங்கள் ஒளித்து வைப்பதாக இருந்தால், ஒரு முறை அளந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து மறுபடி வந்து அளந்து சராசரி எடுங்கள். அதற்குள் செயற்கைக்கோள்கள் இடம் மாறி, எதிரொலிகளும் வேறாகியிருக்கும்.