வெறுங்கையோடு கன்று இழுத்தவர்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தேர்ஸ்க் என்றொரு சந்தை ஊர். கிளாஸ்கோவில் கால்நடை மருத்துவம் படித்து முடித்த ஆல்ஃபிரட் வைட், 1940-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பது வயதை ஒட்டித்தான் எழுத உட்கார்ந்தார். முதல் புத்தகம் வந்தது 1970-இல். மருத்துவர் சொந்தப் பெயரில் எழுதினால் தனக்குத் தானே விளம்பரம் தேடுவதாக ஆகிவிடும் என்பது அன்றைய தொழில் விதி. அதனால் டிவியில் பார்த்த பர்மிங்காம் சிட்டி கோல்கீப்பரின் பெயரை எடுத்துக்கொண்டார். ஜேம்ஸ் ஹெரியட் என்று உலகம் கொண்டாடுவது இவரைத்தான்.

கால்நடை மருத்துவ மாணவனாக இருந்தபோது அவரை விழுந்து விழுந்து படித்தேன். நடுநிசி, பனிக்காலம், தொழுவம். ஒரு வாளி வெந்நீர், சோப்பு, துண்டு. சட்டையைக் கழற்றிவிட்டுக் கல்தரையில் படுத்து, தோள் வரை கையை மாட்டுக்குள் விட்டு, மடங்கிக் கிடக்கும் கன்றின் காலைத் தேடுவார். அன்று அது எனக்கு வீரமாகத் தெரிந்தது. இன்று படித்தால் அந்த வெறுங்கையைத் தாண்டிக் கண் போக மறுக்கிறது. அந்த வேலையில்தான் அவருக்குப் புரூசெல்லோசிஸ் தொற்றியது. காய்ச்சலாகத் திரும்பத் திரும்ப வந்து படுத்தியது.

நம் ஊரில் இதற்குக் கன்று வீச்சு நோய் என்று பெயர். ஐந்து மாதச் சினை தாண்டிய மாடு, வெளிக்கு எந்தக் குறையும் தெரியாமல் இருந்து, திடீரென்று கன்றை வீசிவிடும். பெரும்பாலும் நஞ்சுக்கொடியும் விழாது. வீசிய கன்று, கொடி, கர்ப்ப நீர் எல்லாவற்றிலும் கிருமி மண்டிக் கிடக்கும். விரலில் ஒரு சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். காய்ச்சாத பால் வழியாகவும் வரும்.

இந்த நோயை நானும் வாங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கன்று வீசிய மாடு ஒன்றுக்கு, கையுறை தீர்ந்துபோனதால், வெறுங்கையாலேயே கொடியை எடுத்தேன். சில வாரம் கழித்து மாலையானால் காய்ச்சல். விடியும்போது பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்வை. இடுப்பு வலியில் வண்டியை ஸ்டாண்ட் போட முடியவில்லை. டைபாய்டு என்று இரண்டு முறை மருந்து கொடுத்தார்கள். என்ன தொழில் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பிறகு நானே கேட்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் விஷயம் தெரிந்தது. ஆறு வாரம் விடாமல் மாத்திரை. பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும் நோய் இது.

ஆகவே மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டு வலி இருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக "வீட்டில் மாடு இருக்கிறது" என்று சொல்லுங்கள். வீசிய கன்றை வெறுங்கையால் தூக்காதீர்கள். வாய்க்காலிலோ குப்பையிலோ போடாதீர்கள். நாய் இழுத்தால் தெரு முழுக்கப் பரவும். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும்.

பிரிட்டன் பல வருடம் மந்தை மந்தையாக ரத்தம் சோதித்து, நோயுள்ள மாடுகளை வெட்டிக் கழித்து, 1985-இல் இந்த நோய் இல்லாத நாடு என்ற நிலைக்கு வந்தது. நம்மால் அப்படிச் செய்ய முடியாது. நமக்கு வழி தடுப்பூசிதான். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இது இலவசம். கிடேரிக் கன்றுக்கு மட்டும், நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள், ஆயுளுக்கு ஒரே ஊசி. காளைக்கும் சினை மாட்டுக்கும் கூடாது. "அடுத்த தடவை போட்டுக்கலாம் சார்" என்று கன்றைப் பின்கட்டில் ஒளித்து வைப்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. அடுத்த முகாம் வருவதற்குள் அந்தக் கன்றுக்கு வயது தாண்டியிருக்கும்.

என் வண்டிப் பெட்டியில் இப்போது எப்போதும் நாலைந்து ஜோடி கையுறை கூடுதலாகக் கிடக்கும். கன்று இழுக்கத் துணைக்கு வரும் அண்ணன் கையில் முதலில் ஒரு ஜோடியை மாட்டிவிட்டுத்தான் கயிற்றை எடுக்கிறேன்.