சொல் விளக்கம்: கம்ப்ளீட் ஸ்ட்ரீட் – எல்லோருக்குமான தெரு

மாநகராட்சி அறிவிப்புகளிலும் திட்ட அறிக்கைகளிலும் ‘கம்ப்ளீட் ஸ்ட்ரீட்’ என்ற சொல் சில ஆண்டுகளாகவே அடிபடுகிறது. 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்த சேலத்துக்கும் இந்தச் சொல் பழகியதுதான். ஆனால் காதில் விழுந்ததும் பலரும் இதை ‘வேலை முடிந்த ரோடு’ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தார் போட்டாச்சு, கோடு அடிச்சாச்சு, லைட் கம்பம் நட்டாச்சு, கான்ட்ராக்டர் கிளம்பிவிட்டார் என்றால் கம்ப்ளீட். சொல்லின் பொருள் இது இல்லை.

ஒரு தெருவை யார் யார் பயன்படுத்துகிறார்களோ, அத்தனை பேரும் ஆபத்தில்லாமல், அலைக்கழியாமல் பயன்படுத்தும்படி வடிவமைத்து, கட்டி, பராமரிக்கும் தெருதான் கம்ப்ளீட் ஸ்ட்ரீட். நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், பஸ்சுக்குக் காத்திருப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர், கோல் தட்டி வழி பார்ப்பவர், தள்ளுவண்டி வியாபாரி, கைக்குழந்தையோடு வரும் அம்மா, அப்புறம் டூவீலர், ஆட்டோ, கார், லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாருமே இந்தக் கணக்கில் வருவார்கள். வண்டியில் போகிறவரை இது தள்ளிவைக்கவில்லை. அவரும் ஒருவர், அவ்வளவுதான்.

சொல் பிறந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அங்கே ஒரகன் மாநிலம் 1971-லேயே ஒரு சட்டம் போட்டது. ரோடு புதிதாகப் போட்டாலும் திருப்பிப் போட்டாலும் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் வழி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அந்த எண்ணத்துக்கு அந்த நாட்டில் பல காலம் நல்ல பெயர் அமையவில்லை. அலுவலக வழக்கில் ‘ரொட்டீன் அகாமடேஷன்’ என்றார்கள். ‘வழக்கமாக இடங்கொடுத்தல்’ என்று சொல்லலாம். வீட்டுக்காரர் வந்தவருக்குத் திண்ணையில் இடம் ஒதுக்குகிற தொனி அதில் இருக்கிறது. தெரு வண்டிக்குச் சொந்தம், மற்றவருக்கு ஓரமாகக் கொஞ்சம் இடம் என்றுதானே அதற்கு அர்த்தமாகிறது! 2003-ல், சைக்கிள் அமைப்புகளோடு வேலை பார்த்த பார்பரா மெக்கான் முதலியோர் அந்தப் பெயரை விட்டுவிட்டு ‘கம்ப்ளீட் ஸ்ட்ரீட்ஸ்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். புதுப் பெயர் வாதத்தையே திருப்பிப் போட்டது. நடைபாதை இல்லாத ரோடு, கூடுதல் வசதி இல்லாத நல்ல ரோடு என்ற நிலை போய், அது அரைகுறை ரோடு ஆகிவிட்டது.

ஆக, அந்தச் சொல்லின் பலம் அதன் எதிர்ச்சொல்லில் இருக்கிறது. தமிழில் ‘அரைகுறை’ என்று யோசித்தால் இது சட்டென்று பிடிபடும்.

சொல்லின் இரு பாகங்களையும் பிரித்துப் பார்க்கலாம். ‘கம்ப்ளீட்’ லத்தீனில் நிரப்புதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. ‘ஸ்ட்ரீட்’டுக்கும் லத்தீன்தான் மூலம், ‘ஸ்ட்ராடா’ என்றால் பரப்பப்பட்டது, கல் பாவிய வழி. ‘ரோடு’ வேறு குடும்பம். பழைய ஆங்கிலத்தில் குதிரையேறிப் போவதைக் குறித்த சொல் அது. ‘ரைடு’ என்பதற்கு நெருங்கிய உறவு. ரோடு என்ற சொல்லிலேயே ஏறிப் போகிறவர் இருக்கிறார் என்பது எனக்குக் கவனிக்க வேண்டிய விஷயமாகப் படுகிறது.

சேலத்தில் புதிதாக விரிந்த பகுதியெல்லாம் ரோடு: அஞ்சு ரோடு, நாலு ரோடு, ஓமலூர் ரோடு, செர்ரி ரோடு, சாரதா காலேஜ் ரோடு. பழைய ஊருக்குள் போனால் தெரு, வீதி, பேட்டை, அக்ரஹாரம் என்று மாறிவிடும். செவ்வாய்ப்பேட்டை என்ற பெயரே செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்தது. சின்னக்கடை வீதி, பெரிய கடைவீதி என்றால் பெயரிலேயே கடை இருக்கிறது. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் தெருவைப் போக்குவரத்துக்கான இடமாக மட்டும் பார்க்கவில்லை.

தமிழில் தெருவைக் குறிக்கும் சொற்களும் நிறைய. சங்க இலக்கியத்தில் தெருவோடு ‘மறுகு’ம் வருகிறது, மறுகுதல் என்றால் சுழலுதல், இங்குமங்கும் திரிதல். கடைத்தெருவுக்கு ‘ஆவணம்’ என்று பெயர் இருந்தது. ‘வீதி’ வடமொழியில் வரிசை என்ற பொருளும் உள்ள சொல். நம் வழக்கில் அகலமானது, தேர் ஓடுவது. ‘சாலை’யும் வடமொழி ‘சாலா’விலிருந்து வந்ததே. முதலில் கூடத்தைக் குறித்தது. பாடசாலை, தொழிற்சாலை என்பவற்றில் அந்தப் பொருள் இன்றும் நிற்கிறது. இருபுறமும் நிழல் மரம் நின்ற வழியையும் சாலை என்றார்கள். இன்றைக்கு அகலப்படுத்தும் வேலை வந்தால் முதலில் விழுவது அந்த மரம்தான். அதன் பிறகும் அதைச் சாலை என்றே எழுதுகிறோம்.

சேலத்துக்கே உரிய இன்னொரு சொல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது: பாவடி. அம்மாப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளில் நெசவு செய்கிற குடும்பங்களில் இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. அதைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் இழை ஒட்டாமல் பிரித்து, உலர்த்தி எடுக்க வேண்டும். அதற்கான இடம்தான் பாவடி. பொது இடம், ஊர் இடம். பாவு விரித்திருக்கும் நேரத்தில் வருகிற வண்டி ஒதுங்கும் அல்லது காத்திருக்கும். பாவுக்குக் கஞ்சி ஏற்றும் சைசிங் இயந்திரம் வந்த பிறகு இந்தக் காட்சி அருகிவிட்டது. ஆனால் ஒரே இடம் காலையில் தொழிற்கூடம், பகலில் வழி, சாயங்காலம் பிள்ளைகள் விளையாடும் களம் என்று இருந்ததை யாரும் திட்ட அறிக்கை போட்டுக் கற்றுத்தரவில்லை.

இன்றைய சேலத்தில் அதற்கு ஈடாக எதைச் சொல்வது என்றால் நான் தட்டுவடை செட் கடையைச் சொல்வேன். சாயங்காலம் ஆனதும் தள்ளுவண்டி ஓரமாக வந்து நிற்கிறது. வட்ட வட்டமாகத் தட்டுவடை, மேலே சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், மூடுவதற்கு இன்னொரு வடை. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் தட்டோடு நிற்கிறார்கள். அவர்கள் நிற்பது எங்கே? பிளாட்பாரத்தில் வண்டி இருந்தால் நடப்பவர் கீழே இறங்க வேண்டும். வண்டி கீழே இருந்தால் சாப்பிடுகிறவர் முதுகை உரசிக்கொண்டு பஸ் போகும். கடையைத் தூக்கிவிடுவது தீர்வாகாது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுடைய பிழைப்புக்குப் பாதுகாப்புத் தருகிறது. வரைபடம் போடும்போதே கடைக்கு இடம் குறித்துவிட்டால் இந்தத் தள்ளுமுள்ளே இருக்காது.

எப்படிக் குறிப்பது என்பதற்கு விதி இருக்கிறது. நாட்டின் ரோடுகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் நடைவசதி வழிகாட்டி பிளாட்பாரத்தை மூன்று பட்டையாகப் பிரிக்கிறது. கடைச்சுவரை ஒட்டிக் கொஞ்சம். நடுவில் நடக்க மட்டும். ரோட்டை ஒட்டிய பட்டையில் மரம், மின்கம்பம், பெஞ்ச், தள்ளுவண்டி. நடுப்பட்டை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலி தாண்டிப் போகிற அளவு. 2.2 மீட்டர் உயரம் வரை எதுவும் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கடை போர்டும் இதில் அடக்கம். பிளாட்பாரத்தின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த கடைசி அளவை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நம் ஊரில் பிளாட்பாரம் என்பது பல இடங்களில் சாக்கடை மேல் போட்ட ஸ்லாப். முழங்கால் உயரம், ஒவ்வொரு வாசலிலும் இறங்கி ஏற வேண்டும், நடுவில் ஒரு ஸ்லாப் பெயர்ந்து கிடக்கும். முட்டிவலி உள்ள ஒரு பாட்டி அதில் ஏறமாட்டார்; ரோட்டில்தான் நடப்பார். ‘பிளாட்பாரம் போட்டும் யாரும் நடக்க மாட்டேங்கிறாங்க’ என்று அப்புறம் குறை சொல்வது அநியாயம்.

சரி, ரோட்டின் அகலம் அப்படியேதானே இருக்கிறது, இத்தனைக்கும் இடம் எங்கே என்ற கேள்வி வரும். வண்டி ஓடும் பகுதியின் அகலம் பல தெருக்களில் சீராக இருப்பதில்லை; ஓரிடத்தில் விரியும், அடுத்த இடத்தில் குறுகும். குறுகிய இடம்தான் எத்தனை வண்டி போகலாம் என்பதை முடிவு செய்கிறது. விரிந்த இடத்தில் கார் நிற்கும், அவ்வளவுதான். அகலத்தைச் சீராக்கினாலே ஓரத்தில் இடம் கிடைத்துவிடும். வேகமும் அடங்கும். மனிதரும் வண்டியும் கலந்து போகிற இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020-ல் உலக நாடுகள் கூடிய ஸ்டாக்ஹோம் மாநாட்டின் அறிவிப்பு கூறுகிறது.

வேலையின் வரிசையும் முக்கியம். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்கேபிள், இணையக் கேபிள் ஆகியவற்றை முதலில் முடித்து, பிளாட்பாரத்துக்குக் கீழே திறந்து மூடும்படி அமைத்த பிறகே மேலே கட்ட வேண்டும். பெங்களூரில் டெண்டர்ஷ்யூர் என்ற திட்டத்தில் சில ரோடுகளை இப்படித்தான் செய்தார்கள். போட்ட புது ரோட்டை அடுத்த மாதமே தோண்டும் வேதனை சேலத்தில் எந்தத் தெருக்காரருக்கும் தெரியும்.

எல்லா இடத்துக்கும் ஒரே அச்சு என்று நினைத்துவிடக் கூடாது. அஞ்சு ரோட்டில் 2020-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே தேவைப்படுவது, நடந்து கடக்கிறவர் ஒரே மூச்சில் ஓடாமல் நடுவில் நின்று போக ஒரு திட்டு. ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவில் தனி சைக்கிள் பாதை போட இடமில்லை. அங்கே மலைக்கிராமத்துக்காரர் நடந்து வரும் ஓரத்தைக் காப்பாற்றி, வண்டியை மெதுவாக வரச் செய்தாலே போதும்.

இனித் தமிழ்ச் சொல். ‘முழுமையான தெரு’ என்பது நேர் மொழிபெயர்ப்பு. பிழையில்லை, ஆனால் ‘வேலை முடிந்தது’ என்ற பழைய குழப்பம் அதிலும் ஒட்டிக்கொள்கிறது. ‘நிறைவீதி’ செவிக்கு இனிமை; பொருள் விளங்க ஓர் அடிக்குறிப்பு வேண்டும். ‘குறையில்லாத் தெரு’ மூலக் கருத்துக்கு நெருக்கம், ஆனாலும் என்ன குறை என்று கேட்டால் டைல்ஸையும் விளக்கையும் காட்டிவிடுவார்கள்.

‘எல்லோருக்குமான தெரு’ என்பதே என் தேர்வு. யாருக்கு என்ற கேள்வியைச் சொல்லே கேட்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. தெரு எல்லோருக்கும் பொது என்பது நம் மண்ணில் போராடிப் பெற்ற ஒன்று. பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் சாதி சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்ததும் அதே ஆண்டு. கண் தெரியாதவரும் கால் முடியாதவரும் தனியாகப் போய்வர முடியாத தெருவை இன்று நாம் பொது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் கூறியதும் அதே வரிசையில் வருகின்றன. அந்த வரலாறு ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது.

கூடவே வரும் சொற்களுக்கு: கெர்ப் – ஓரக்கல், ராம்ப் – சாய்தளம், மீடியன் – நடுத்திட்டு, வெண்டிங் ஸோன் – கடைப்பட்டை. நடப்பதற்கான இடத்துக்கு ‘நடைபாதை’ என்றே எழுதலாம், பேச்சில் பிளாட்பாரம் இருக்கட்டும். ‘நடைமேடை’யை ரயில் நிலையத்துக்கு விட்டுவிடுவோம். ‘பெடஸ்ட்ரியன் பிளாசா’ என்பது கம்ப்ளீட் ஸ்ட்ரீட்டுக்கு மறுபெயர் இல்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் திறந்தது அந்தப் பெயரில்தான், ஆனால் அங்கே வண்டிகளும் ஓடுகின்றன. நடைபாதையை அகலப்படுத்தி வண்டிப் பகுதியைச் சுருக்கினார்கள். அதைக்கூட எல்லோருக்குமான தெரு என்றுதான் சொல்ல வேண்டும். வண்டியே நுழையாத இடத்துக்கு மட்டும் ‘நடைவளாகம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.