பொருள்குவிப்புத் தடுப்பு வரி: யார் கேட்கலாம், எதை மெய்ப்பிக்க வேண்டும்?

உலக வர்த்தக அமைப்பு 1995 ஜனவரி 1 அன்று தொடங்கியபோதே அதில் உறுப்பினரான இந்தியா, பல பொருட்களின் இறக்குமதி வரிக்கு உச்சவரம்பை ஏற்றுக்கொண்டது. ஆனால், நியாயமற்ற விலையில் வந்து குவியும் சரக்கின்மீது தனி வரி விதிக்கும் உரிமையை அதே உடன்படிக்கைகள் உறுப்பு நாடுகளுக்கு வழங்கியுள்ளன. அந்த உரிமை இங்கே 1975ஆம் ஆண்டின் சுங்க வரி விகிதச் சட்டத்தின் 9ஏ பிரிவிலும், 1995ஆம் ஆண்டின் விதிகளிலும் இடம்பெற்றிருக்கிறது.

வெளிநாட்டுச் சரக்கு மலிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்த வரியைக் கேட்க முடியாது. திறமையாலோ தொழில்நுட்பத்தாலோ ஒருவர் மலிவாக விற்றால் அது போட்டி. தன் நாட்டில் 100 ரூபாய்க்கு விற்கும் பொருளை இங்கே 70 ரூபாய்க்கு அனுப்பினால்தான் அது பொருள்குவிப்பு. அதோடு, உள்நாட்டுத் தொழில் உண்மையாகவே பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதையும், அந்தப் பாதிப்புக்கு இந்த இறக்குமதியே காரணம் என்பதையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தை ஆதரிக்கும் நிறுவனங்கள், நாட்டின் மொத்த உற்பத்தியில் குறைந்தது 25 விழுக்காட்டைக் கொண்டிருக்க வேண்டும். எதிர்ப்பவர்களின் உற்பத்தியைவிட ஆதரிப்பவர்களின் உற்பத்தி கூடுதலாகவும் இருக்க வேண்டும். சில பெரிய ஆலைகள் மட்டுமே உள்ள துறையில் இது எளிது. நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளாகச் சிதறிக் கிடக்கும் துறையிலோ, உற்பத்திச் செலவு, விற்பனை விலை, லாபம் ஆகியவற்றைப் பல ஆண்டுகளுக்குத் திரட்டித் தருவதே பெரும் சுமை. சட்டத்தின் பாதுகாப்பு யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே அது எட்டாமல் போவது இந்த ஏற்பாட்டின் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். கணக்கு விவரங்கள் போட்டியாளர் கைக்குப் போய்விடும் என்று தயங்குவோரும் உண்டு. மறைவாக வைக்கத் தகுந்த காரணம் இருந்தால் அவற்றைத் தனிப் பிரதியாகவும், மற்றவர் பார்ப்பதற்கான சுருக்கத்தை வேறு பிரதியாகவும் தாக்கல் செய்ய விதிகள் இடமளிக்கின்றன.

விசாரிப்பது வணிக அமைச்சகத்தின்கீழ் 2018இல் அமைந்த வணிகத் தீர்வுகள் தலைமை இயக்ககம். ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும். தேவைப்பட்டால் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். இயக்ககம் பரிந்துரைக்கத்தான் முடியும். வரியை விதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நிதி அமைச்சகம். விலை வேறுபாடு 30 ரூபாய் என்றாலும், உள்நாட்டுத் தொழிலின் பாதிப்பை நீக்க 18 ரூபாய் போதுமென்றால், வரி 18 ரூபாயோடு நிற்கும். பொதுவாக அது ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகும். மறு ஆய்வுக்குப் பிறகு நீட்டிக்கவும் முடியும்.

இந்த வரியின் பளு உள்நாட்டிலேயே வேறொருவர் தலையில் விழுவதும் உண்டு. சீனா, இந்தோனேசியாவிலிருந்து வந்த விஸ்கோஸ் இழைக்கு 2010 முதல் இவ்வரி இருந்தது. இழை செய்யும் நிறுவனத்துக்கு அது காப்பாக இருந்த காலம் முழுவதும், அதையே மூலப்பொருளாக வாங்கும் தென்னிந்திய நூற்பாலைகளுக்கும், அந்த நூலில் ரயான் துணி நெய்யும் ஈரோடு வட்டார விசைத்தறிகளுக்கும் கூடுதல் செலவாக இருந்தது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அதை விலக்கிக்கொண்டது.

ஆகவே, பொருளைச் செய்பவர்கள் மட்டுமல்லாமல், அதை வாங்கித் தொழில் நடத்துவோரும் நுகர்வோர் அமைப்புகளும் விசாரணையில் தகவல் அளிக்க விதிகள் வழிசெய்திருக்கின்றன. விசாரணை தொடங்கும் அறிவிப்பு அரசிதழில் வெளியாகும். அதையொட்டி அனுப்பப்படும் கேள்விப்பட்டியலுக்கு 30 நாட்களுக்குள், அல்லது நீட்டித்துத் தரப்படும் காலத்துக்குள், பதில் தர வேண்டும். கேட்ட விவரங்களைத் தராதவர்களைப் பொறுத்தவரை, கையில் உள்ள தகவல்களை வைத்தே இயக்ககம் முடிவெடுக்கலாம்.